ஜெர்பில் மூலையையே பிறாண்டிக்கொண்டிருக்கிறது: சிங்கப்பூர் ஈரப்பதம்தான் காரணமா?

பொங்கோல் மீனா
ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இந்தப் பிரிவில் இதுவரை படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். ஜூன் விடுமுறையில் அவளுக்கு ஜெர்பில் என்கிற சிறிய எலி வகையில் இரண்டு வாங்கிக் கொடுத்தோம். அக்கா தங்கை. எள்ளு, கொள்ளு என்று பெயர் வைத்திருக்கிறாள். வாலெல்லாம் முடியோடு, பின்னங்காலில் எழுந்து நின்று நம்மைப் பார்க்கிற அழகுக்காகவே ஹாம்ஸ்டரை விட்டுவிட்டு இதை வாங்கினோம்.

பாலைவனத்துப் பிராணி, சூடு பிடிக்கும் என்று நினைத்துத் துணி காயப்போடும் இடத்தில் ஜன்னலோரமாகக் கூண்டை வைத்தேன். இரண்டு வாரமாக நிம்மதி இல்லை. கொள்ளு கூண்டின் ஒரே மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அந்தச் சத்தம்தான். எள்ளுவின் மூக்கைச் சுற்றி ரத்தம் போலச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் முடி எண்ணெய் தடவினது போலப் பிசுபிசுத்துக் குத்திட்டு நிற்கிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். ஓடுகிற சக்கரம் ஒன்று போடுங்கள், பொழுது போகாமல்தான் பிறாண்டுகிறது என்றார்கள். போட்டேன், ஒன்றும் மாறவில்லை. மாமியார் வேறு, எலி இருக்கும் வீட்டில் பிளேக் வரும் என்று பயப்படுகிறார். மகள் தினமும் அழுகிறாள். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அருள் பீஷான்
ஞாயிறு, இரவு 11.15

மீனா அக்கா, இதைப் படித்து முடிக்கும் முன்பே கூண்டை எடுத்து ஹாலுக்குள் கொண்டுவந்து விடுங்கள். துணி காயும் இடத்தில் மதியம் அடிக்கிற சூடும் துணியிலிருந்து வரும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு மூச்சு முட்டும்.

எட்டு வருடமாக ஜெர்பில் வளர்க்கிறேன். இப்போது இருப்பது மூன்றாவது ஜோடி. ஒன்று மூன்று, நான்கு வருடம்தான் இருக்கும் என்பது இதில் பழகவே முடியாத வருத்தம்.

மூக்கில் இருப்பது பெரும்பாலும் ரத்தமாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அது சுரக்கும் கொழுப்பில் போர்ஃபிரின் என்கிற செந்நிறமி கலந்திருக்கும். கண்ணிலிருந்து மூக்கு வழியாக இறங்கும். ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கிற ஊதா விளக்கு கிடைத்தால் அந்தப் பஞ்சின் மேல் அடியுங்கள், செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் போர்ஃபிரின்தான். ஆனால் அதன் அடியில் முடி கொட்டியோ தோல் புண்ணாகியோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், சிறுபிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்தால் பரவும்.

முடி பிசுபிசுப்பதற்குக் காரணம் ஈரப்பதம்தான். ஈரப்பதம் 50 சதவீதம் தாண்டினாலே இதன் முடி கலைந்துவிடும் என்பார்கள். நமக்குச் சராசரியே 80க்கு மேல். நான் அந்த அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருக்கிறேன். ஒரு சட்டியில் மணல் போட்டு வையுங்கள், உருண்டு புரண்டு குளிக்கும். மணலை எப்போதும் உள்ளேயே விட்டுவைக்காதீர்கள், ஒரே நாளில் ஈரம் ஏறிக் கட்டியாகும். குளித்து முடித்ததும் எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். மாவு மாதிரித் தூள் பறக்கிற மணல் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது.

மூலையைப் பிறாண்டுவது எனக்கும் விடை தெரியாத கேள்வியாகவே இருந்தது. என் முதல் ஜோடி சாகும்வரை அதைச் செய்தது. வறள்நிலம் அண்ணன் ராஜஸ்தானில் எலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அவர் பார்த்தால் சொல்வார்.

வறள்நிலம்
திங்கள், காலை 6.50

பார்த்துவிட்டேன் அருள். மீனா அவர்களே, கொள்ளு பிறாண்டுவது பொழுது போகாமல் அல்ல. அது வீடு தேடுகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சூரிச் நகரில் கிறிஸ்டோஃப் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அது. ஜெர்பில் குட்டிகளில் சிலவற்றுக்குத் தோண்டிக்கொள்ள உலர்ந்த மணல் கொடுத்தார். சிலவற்றுக்கு மணலே கொடுக்காமல், சுரங்க வழியும் அதன் முடிவில் ஓர் அறையும் கொண்ட செயற்கை வளை கொடுத்தார். தோண்டும் ஆசைதான் காரணம் என்றால் மணல் கிடைத்த குட்டிகள் மூலையைப் பிறாண்டாமல் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மணல் கிடைத்தவை பிறாண்டும் பழக்கத்துக்கு ஆளாயின. வளை கிடைத்தவை ஆகவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: வெறும் பெட்டி போதாது, அந்தப் பெட்டிக்குள் போக ஒரு சுரங்கப் பாதை வேண்டும்.

நான் இதை முதலில் படித்தபோது இரண்டு நாள் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. கூண்டுகளில் இருக்கும் மங்கோலிய ஜெர்பில்களில் பெரும்பாலானவை, 1935இல் பிடிபட்டு ஜப்பானுக்குப் போன 20 ஜோடிகளின் வழிவந்தவை. அங்கிருந்து 1954இல் அமெரிக்க ஆய்வகங்களுக்குப் போய், பிறகு உலகெங்கும் செல்லப்பிராணியாயின. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள், நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே இறந்திருக்கின்றன. எந்தப் பாட்டியும் வளையைக் கண்டதில்லை. இருந்தும் குட்டியின் கால் வளையைக் கேட்கிறது.

சூடு பிடிக்கும் என்று நினைத்தீர்கள் இல்லையா, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். வெயிலைத் தாங்குகிற பாலைவன விலங்கு ஒட்டகம். அதன் உடம்பு பெரிது, சூடேற நேரமாகும். தண்ணீர் கிடைக்காத கோடையில் தன் உடல் வெப்பநிலையை விடிகாலை 34 டிகிரியில் இருந்து மாலைக்குள் 40ஐத் தாண்ட விடும். பகலில் சேர்ந்த சூட்டை இரவில் வெளியேற்றும். அறுபது கிராம் எலிக்கு இந்த வழி கிடையாது. சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், சீக்கிரம் சூடேறிவிடும். வியர்த்துத் தணியலாம் என்றால் சில மணி நேரத்தில் உடம்பில் உள்ள நீர் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு வற்றிவிடும். ஆகவே பாலைவனத்துச் சிறுபிராணிகள் வெயிலைத் தாங்குவதில்லை, வெயில் இல்லாத இடத்துக்குப் போய்விடுகின்றன. அரை மீட்டர் ஆழம் போனாலே தரை கொதிப்பது உள்ளே தெரியாது. ஜெர்பிலுக்கு உடம்பில் பாதி அந்த வளைதான்.

செய்ய வேண்டியது: கம்பிக் கூண்டை விட்டுவிட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு மாறுங்கள், மேலே கம்பிவலை மூடி. அடியில் குறைந்தது 20 சென்டிமீட்டர், முடிந்தால் 30, காகிதத் துகளும் வைக்கோலும் மாற்றி மாற்றி அடுக்கி அழுத்துங்கள். வைக்கோல் கலந்தால்தான் சுரங்கம் இடியாது. ஓர் இருட்டு மரப்பெட்டியைப் புதைத்து, அட்டைக் குழாய் வழியாக மட்டும் அதற்குள் போகும்படி வையுங்கள். அறை 26 டிகிரிக்குள் இருக்கட்டும்.

கபி_17
திங்கள், மாலை 5.20

அண்ணா, நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும், அதனால்தான் பாலைவன எலிகள் தண்ணீரை இழக்காமல் இருக்கின்றன என்று படித்தோம். அப்படியானால் ஈரமான சிங்கப்பூர் அதற்கு ஒரு பெரிய வளை மாதிரிதானே? ஏன் கெடுதல்?

இன்னொன்று, இவை உண்மையிலேயே தண்ணீரே குடிக்காதா?

வறள்நிலம்
திங்கள், இரவு 9.30

நல்ல கேள்வி கபி. வளைக்குள் வெளிக்காற்றைவிட ஈரம் அதிகம் என்பது சரிதான், ஆனால் அது குளிர்ந்த ஈரம். வாசலுக்கு வெளியே எப்போதும் காய்ந்த உலகம் காத்திருக்கிறது. அங்கே போய் மணலில் புரண்டு, சுரப்பி தந்த கொழுப்பை உதறிக் காயவைத்துத் திரும்பும். இங்கே இரவும் பகலும் சூடான ஈரம். உதறிப்போட வெளியே இடமே இல்லை. சூடு மிஞ்சினால் ஜெர்பில் எச்சிலைத் தன் முடியில் தடவிக்கொள்ளும், அது ஆவியாகும்போது உடம்பு குளிரும். காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருந்தால் எச்சில் ஆவியாகாது, முடிதான் நனையும். மீனா பார்த்த பிசுபிசுப்பில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

தண்ணீர் விஷயம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஷ்மிட் நீல்சன் என்ற ஆய்வாளர் தம்பதியர், க்னூட்டும் போடிலும், அங்குள்ள பாலைவனத்தில் தாவித் திரியும் கங்காரு எலிகளை வைத்து இதைக் கணக்குப் பார்த்தார்கள். கங்காரு எலி ஜெர்பிலின் நெருங்கிய உறவு கிடையாது, அது வேறு குடும்பம். ஒரே நெருக்கடி இரண்டு கண்டங்களில் ஒரே மாதிரி உடலை வார்த்திருக்கிறது. காய்ந்த விதையை உடம்பு எரிக்கும்போது நீர் உண்டாகிறது. ஒரு கிராம் மாவுச்சத்திலிருந்து 0.56 கிராம், ஒரு கிராம் கொழுப்பிலிருந்து ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக. வரவு இவ்வளவுதான். இதற்குள் செலவை அடக்கும் திறமைதான் அதன் வாழ்க்கை. மூச்சு விடும்போது மூக்கின் உட்பரப்பு குளிர்ந்திருப்பதால் வெளியேறும் காற்றின் ஈரம் அங்கேயே படிந்து திரும்பக் கிடைக்கிறது. சிறுநீரகத்தில், நீரைத் திரும்ப உறிஞ்ச உதவும் ஹென்லி வளைவு என்ற நுண்குழாய் மிக நீளம். மனிதரால் முடிந்ததைவிட நான்கு மடங்கு செறிவாகச் சிறுநீர் கழிக்கும். ஆஸ்திரேலியாவின் தாவும் எலி ஒன்று இதையும் மிஞ்சி ஏறத்தாழ ஏழு மடங்கு வரை போகிறது.

மங்கோலிய ஜெர்பில் அந்த அளவு கடுமையானது இல்லை, தண்ணீர் வைத்தால் குடிக்கும், எப்போதும் வைத்திருக்கவே வேண்டும். ஆனால் அதன் கூண்டு நாறுவதில்லை என்பதை அருள் ஒப்புக்கொள்வார். நாளுக்குச் சில சொட்டு மட்டுமே கழிக்கிறது.

எல்லா ஜெர்பிலும் விதை தின்னி என்றும் எண்ண வேண்டாம். வட ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் கொழுத்த மணல் எலி ஒன்று உண்டு, அதுவும் ஜெர்பில் வகைதான். உப்பு நிறைந்த சதைப்பற்றான இலைகளைத் தின்றே வாழ்கிறது. இலையின் மேல்தோலில் உப்பு அதிகம், அதைப் பல்லால் சுரண்டிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சாதாரண எலித்தீனி கொடுத்தார்கள். மற்ற எலிகள் நன்றாகத் தின்று வளரும் அதே தீனிதான். இதற்குச் சில வாரத்தில் நீரிழிவு வந்துவிட்டது. அற்பச் சத்துள்ள இலையில் பிழைக்கவென்று ஆன உடம்பு, தாராளத்தைத் தாங்கவில்லை. இரண்டாம் வகை நீரிழிவைப் புரிந்துகொள்ள இன்றும் அந்த எலி உதவுகிறது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள் என்று நினைக்கும்போது, அந்த எலிமேல் எனக்குத் தனிப் பிரியம்.

கமுதிக்காரன்
செவ்வாய், இரவு 10.05

வேலை முடிஞ்சு விடுதிக்கு வந்து எல்லாத்தையும் படிச்சேன். நான் ராமநாதபுரம் பக்கம். இந்த எலியப் பத்திப் படிச்சதும் எங்க ஊரு வெள்ளெலி ஞாபகம் வந்திருச்சு. முதுகு மண்ணு கலர்ல, வயிறு வெள்ளையா, கண்ணு பெருசா, வாலு நுனியில கருப்பா குஞ்சம் மாதிரி முடி. இது வீட்டுக்குள்ள வர்ற எலி இல்ல. கடலைக் கொல்லையில, தரிசுல வளை போட்டு இருக்கும். அண்ணே, இதுவும் அதுவும் ஒண்ணா?

எங்க தாத்தா வளையப் பார்த்தே சொல்லிருவாரு, உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு. பகல்ல வாசல்ல புதுமண்ணு தள்ளி அடைச்சிருந்தா உள்ள இருக்குன்னு அர்த்தம். வாசல் திறந்து நூலாம்படை கட்டியிருந்தா காலி. அப்பறம் சுத்திச் சுத்தி நடந்து தரையப் பார்ப்பாரு. இதுக்கு ஒரு மறைவாசல் உண்டு. உள்ளருந்து தோண்டிக்கிட்டே வந்து, மேல மெல்லிசா ஒரு பத்தை மண்ண மட்டும் விட்டு வச்சிருக்கும். வெளியில பார்த்தா தரை மாதிரியே இருக்கும். பாம்போ உடும்போ முன்வாசல்ல நுழைஞ்சா, அந்த மண்ண முட்டி உடைச்சுக்கிட்டு அம்பு மாதிரி பாயும். எனக்கு அப்ப எட்டு வயசு. கம்போட அந்த இடத்துல நிக்கச் சொல்லுவாரு. நான் நின்னுக்கிட்டே இருப்பேன், அது வேற இடத்துல கிளம்பி ஓடிரும்.

பசிக்குப் பிடிச்சோம். தாத்தா குட்டி போட்டிருக்கிற வளையத் தொட மாட்டாரு, மண்ண மூடிட்டு வந்துருவாரு. இப்ப எங்க பக்கம் சீமைக் கருவேலம் மண்டிப் போச்சு, கொல்லையும் குறைஞ்சு போச்சு. ஊருக்குப் போனா வெள்ளெலியப் பார்த்தீங்களான்னு நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்குறேன்.

வறள்நிலம்
செவ்வாய், இரவு 10.50

தம்பி, உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்ததைத்தான் நாங்கள் நோட்டில் எழுதி அளந்தோம். ஆமாம், நீங்கள் சொல்லும் வெள்ளெலி ஜெர்பில் வகையைச் சேர்ந்ததுதான். அறிவியல் பெயர் டட்டெரா இண்டிகா. இந்தியா, இலங்கை தொடங்கி மேற்கே சிரியா வரை பரவியிருக்கிறது. மறைவாசலும் வாசலை மண்ணால் அடைப்பதும் அதன் அடையாளம். அது இரவாடி. தார் பாலைவனத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொரு ஜெர்பில் பகலில் நடமாடும். கோடையில் காலையும் மாலையும் மட்டும் வெளியே வரும், குளிர்காலத்தில் நடுப்பகலில் வரும். ஒரே நிலத்தை இரண்டும் நேரத்தால் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஓய்வாசிரியர்
புதன், காலை 8.10

கமுதித் தம்பியின் பதிவைப் படித்தபின் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் இங்கே தமிழ் கற்பித்தேன். மாணவர்கள் 'ஹாம்ஸ்டருக்குத் தமிழில் என்ன ஐயா' என்று கேட்டால் 'வெள்ளெலி' என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஆய்வகத்து வெண்ணிற எலியையும் அப்படியே அழைக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரியவன் ஒருவன் நம் கடலைக் கொல்லையில் இருந்திருக்கிறான். வயிறு வெளுத்ததால் அவன் வெள்ளெலி. ஊரில் வழங்கும் பெயரை விசாரிக்காமல் வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ஜெர்பிலுக்குத் தமிழ் தேடினால் வெள்ளெலியினம் என்றே சொல்லலாம் என்பது என் துணிபு.

இன்னொன்று. பாலைவனம் என்றதும் நம் மனத்தில் மணல்மேடு விரிகிறது. நம் முன்னோர் பாலைக்குத் தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. மணலை அல்ல, நீரின்மையை வைத்தே பெயரிட்டார்கள். உயிரியலும் இப்படித்தான் பார்க்கிறதா, வறள்நிலம்?

வறள்நிலம்
புதன், பிற்பகல் 1.15

அப்படியேதான் ஐயா. ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பாலைவனம் என்பது பொதுவான அளவுகோல், மணல் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு இங்கே 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எள்ளுவும் கொள்ளுவும்கூட மணல்மேட்டுப் பிராணிகள் அல்ல. மங்கோலியாவிலும் வட சீனாவிலும் உள்ள வறண்ட புல்வெளிதான் அவற்றின் ஊர். மழை குறைந்துபோன முல்லை என்று நீங்கள் சொல்லலாம். குளிர்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்கு வெகு கீழே உறையும். குடும்பமாக வளைக்குள் அடைந்து, கோடையில் சேர்த்த பல கிலோ விதையைத் தின்று கிடக்கும். 1866இல் அர்மான் தாவீது என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார், மறு ஆண்டு மில்ன் எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் பெயர் சூட்டினார். மெரியோனஸ் உங்குயிகுலாட்டஸ். பின்சொல்லுக்கு 'நகமுடையது' என்று பொருள். கொள்ளுவின் மூலையில் கேட்பது அந்த நகங்கள்தான்.

வெள்ளெலியினம் என்ற சொல்லை இனி நானும் எழுதுகிறேன்.

உபின் நடையன்
புதன், இரவு 8.45

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் இவ்வளவையும் படித்தபின் எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. குளிர்ந்த வளையும் காய்ந்த காற்றும் இல்லாமல் வாழ முடியாத ஒன்றை, இரண்டுமே இல்லாத தீவுக்கு ஏன் கொண்டுவருகிறோம்? ஏர்கான், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், மணல் டப்பா என்று எத்தனை ஏற்பாடு, அறுபது கிராம் உயிரை உயிரோடு வைத்திருக்க. இதே பிள்ளைகளைச் சனிக்கிழமை உபின் தீவுக்கோ சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கோ அழைத்துப்போனால் இந்த மண்ணுக்கே உரிய நீர்நாய், உடும்பு, நண்டு தின்னும் குரங்கு எல்லாவற்றையும் அதனதன் வீட்டிலேயே பார்க்கலாம்.

முள்ளெலியும், சுகர் கிளைடர் என்கிற சறுக்கிப் பறக்கும் சிறு பிராணியும் இங்கே வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஜெர்பிலுக்கு அனுமதி உண்டு என்பதாலேயே அது அதற்கு நல்லது என்று ஆகிவிடாது.

அருள் பீஷான்
புதன், இரவு 9.20

நியாயமான கேள்வி, அண்ணா. எட்டு வருடம் வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாக யாராவது கேட்டால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். அறையை நாள் முழுவதும் உலர்வாக வைக்க மின்கட்டணம் கட்ட முடியாதவர்கள் இதை வாங்கக் கூடாது. என் ஜோடி போனபின் அடுத்தது வாங்குவதாகவும் இல்லை.

ஆனால் எள்ளுவும் கொள்ளுவும் ஏற்கெனவே பிறந்துவிட்டன. மங்கோலியாவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கீழே புல்லில் விட்டால் அன்றைக்கே காகமோ பூனையோ, இல்லாவிட்டால் ஒரு மழையோ போதும். அப்படி விடுவது குற்றமும்கூட. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஜெர்பில் வளர்க்கவே தடை போட்டிருக்கிறது. அங்கே நிலம் வறண்டது, தப்பி ஓடினால் பிழைத்துப் பெருகிவிடும் என்ற பயம். நம்மூரில் தப்பினால் பிழைக்காது. இரண்டு இடத்திலும் காட்டில் விடக் கூடாது என்பதில் மாற்றமில்லை, காரணம்தான் வேறு.

உபின் நடையன்
புதன், இரவு 9.40

இருப்பவற்றை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. கடையில் அடுத்த குட்டி வாங்கும் முன் ஒருவராவது இந்த இழையைப் படித்தால் போதும்.

பொங்கோல் மீனா
வியாழன், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. உபின் அண்ணன் கேட்டது என்னை உறுத்துகிறது, தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்பதே உண்மை. இப்போது கூண்டு ஹாலில் இருக்கிறது. மூக்கில் இருந்தது போர்ஃபிரின்தான், அடியில் புண் இல்லை என்று மருத்துவரும் பார்த்துச் சொன்னார். தொட்டி சனிக்கிழமை வரும்.

மாமியாரின் பயத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இணையத்தில் தேடினால் ஐரோப்பாவில் பிளேக் பரவக் காரணம் ஜெர்பில் என்றே வருகிறது. அதைக் காட்டித் திட்டுகிறார்.

வறள்நிலம்
வியாழன், இரவு 11.25

அத்தையிடம் சொல்லுங்கள், அவர் பயம் காரணமில்லாத பயம் இல்லை. ஆனால் ஆள் வேறு.

மத்திய ஆசியாவில் பெரிய ஜெர்பில் என்று ஓர் இனம் உண்டு. கசகஸ்தானில் பால்காஷ் ஏரிக்குத் தெற்கே உள்ள வறண்ட சமவெளியில் அதன் வளைக்கூட்டங்கள் செயற்கைக்கோள் படத்திலேயே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு வளைக்கூட்டம் பல தலைமுறைக்கு நிற்கும். ஒரு குடும்பம் போனால் இன்னொன்று குடியேறும். அவற்றிலும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளிலும் பிளேக் கிருமி காலங்காலமாகத் தங்கியிருக்கிறது. சோவியத் காலத்திலிருந்து அங்கே எந்த வளையில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று ஆண்டுதோறும் எண்ணி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளைக்கூட்டங்களில் எலி குடியிருந்தால்தான் பிளேக் பரவித் தொடரும். அதற்குக் கீழே போனால் தெள்ளுப்பூச்சி அடுத்த எலியைச் சேர்வதற்குள் நோய் அணைந்துவிடும். வாசலில் புதுமண் இருக்கிறதா என்று கமுதித் தம்பியின் தாத்தா பார்த்தாரே, அங்கே ஒரு நாட்டின் பிளேக் எச்சரிக்கையே அதை நம்பி நடந்தது.

ஐரோப்பாவைப் பற்றிய செய்தி 2015இல் வந்தது. ஆசியாவில் நல்ல மழை பெய்து எலிகள் பெருகி, பிறகு காலநிலை மாறி அவை குறைந்தபின், ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து ஐரோப்பியத் துறைமுகங்களில் பிளேக் தலைகாட்டியிருக்கிறது என்று, பழைய காலநிலை பதிந்திருக்கும் மரவளையங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தப் பெரிய ஜெர்பிலைக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். உங்கள் வீட்டில் இருப்பது வேறு இனம், பல தலைமுறையாக ஆய்வகத்திலும் பண்ணையிலும் பிறந்தது. காட்டுத் தெள்ளுப்பூச்சி அதைத் தொட வாய்ப்பே இல்லை. தொட்டபின் கை கழுவினால் போதும்.

கபி_17
வெள்ளி, மாலை 6.00

அண்ணா, கடைசியாக ஒன்று. விதை எல்லாம் வெளியேதான் கிடக்கும், வெளியே வந்தால் ஆந்தை. எப்போது போதும், உள்ளே போகலாம் என்று அது எப்படி முடிவு செய்யும்?

வறள்நிலம்
வெள்ளி, இரவு 10.30

இதற்கென்றே இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கோட்லர், பிரவுன், அப்ராம்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். தட்டில் மணலோடு எடை பார்த்த விதைகளைக் கலந்து வைத்து, விடிந்ததும் மிச்சத்தை எடை போட்டார்கள். எலி எவ்வளவு மிச்சம் வைத்துவிட்டுப் போகிறதோ அதுதான் அதன் பயத்தின் அளவு. நிலா வெளிச்சத்தில் மிச்சம் அதிகம். திறந்த வெளியில் வைத்த தட்டில், புதருக்கு அடியில் வைத்ததைவிட அதிகம். பௌர்ணமி அவற்றுக்குப் பசியான இரவு.

அங்கே பெரிதும் சிறிதுமாக இரண்டு ஜெர்பில் இனங்கள் ஒரே மணல்மேட்டில் இருக்கின்றன. பிற்பகல் காற்று தினமும் மணலைக் கிளறிப் புது விதைகளை மேலே கொண்டுவந்து போடும். முன்னிரவில் பெரியது வந்து செழிப்பாக இருப்பதை அள்ளும். அது போனபின் சிறியது வந்து மிச்சத்தைப் பொறுக்கும். குறைந்த விதைக்கும் தேடி அலையும் செலவு சிறிய உடம்புக்குக் கட்டுப்படியாகும்.

காதும் ஒரு காவல். ஜெர்பிலின் நடுச்செவியைச் சூழ்ந்த எலும்புக் குமிழ் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிது. தாழ்ந்த ஒலிகள் அதற்கு நன்றாகக் கேட்கும். ஆபத்து என்றால் பின்னங்கால்களால் தரையைத் தட்டும், வளைக்குள் இருப்பவர்களுக்கு அதிர்வாகப் போய்ச் சேரும்.

பொங்கோல் மீனா
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.50

சொல்ல நிறைய இருக்கிறது. தொட்டியில் 28 சென்டிமீட்டர் போட்டோம். என் கணவர் பழைய மரப்பெட்டியைக் கீழே புதைத்து, டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்களை ஒட்டிப் பாதை செய்தார். முதல் இரவே குழாயைக் கடித்துத் துப்பிவிட்டுத் தாங்களே புதுப்பாதை போட்டுக்கொண்டார்கள். மூன்று நாளில் கண்ணாடி ஓரமாக மூன்று சுரங்கம் தெரிந்தது. ஈரம் காட்டும் கருவி வாங்கினேன். ஏர்கான் ஓடும்போது 55 வரை இறங்குகிறது. முடி இப்போது பஞ்சு மாதிரி இருக்கிறது.

எள்ளு மூலைப் பக்கமே போவதில்லை. கொள்ளு இன்னும் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை பழைய மூலையைப் பிறாண்டுகிறாள், ஒரு நிமிடம், பிறகு விட்டுவிடுகிறாள். குட்டியிலேயே பழகியது முழுக்கப் போகாது என்று அருள் தனிமடலில் சொன்னார். அது போகாவிட்டாலும் அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று ஜன்னல் விளிம்பில் காகம் வந்து உட்கார்ந்தது. எள்ளு எழுந்து நின்று பின்னங்காலால் டப் டப் என்று தட்டினாள். மேலே இருந்த கொள்ளு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டாள். மாமியார் பக்கத்தில் இருந்து பார்த்தார். "தங்கச்சிக்குச் சொல்றா பாரு" என்றார். அதற்கப்புறம் பிளேக் பேச்சு இல்லை.

கமுதித் தம்பிக்கு மகள் ஒன்று கேட்கச் சொன்னாள். இன்று காலை முதல் பெரிய சுரங்கத்தின் வாசலைக் காகிதத் துகளால் உள்ளிருந்து அடைத்திருக்கிறார்கள். திறந்துவிடலாமா என்று கேட்கிறாள்.

கமுதிக்காரன்
சனி, இரவு 10.20

அடைச்சிருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம் பாப்பா. தொடாத. ராத்திரி அவங்களே திறந்துக்கிட்டு வருவாங்க.